லிமரிக்: ஊர் பேரில் ஒரு கெட்ட பாட்டு

1907-ஆம் வருடம் ஜூலையிலிருந்து டிசம்பர் வரை பிரிட்டன் தபால் ஆபீஸ்களில் ஒரு விசித்திரம் நடந்தது. ஆறு பென்ஸ் போஸ்டல் ஆர்டர் வழக்கமாக ஆறு மாதத்துக்கு 7 லட்சம், மிஞ்சிப் போனால் 8 லட்சம் விற்கும். அந்த அரையாண்டில் மட்டும் 1 கோடியே 14 லட்சம் விற்றுத் தீர்ந்தது. கிட்டத்தட்ட பதினான்கு மடங்கு. இந்தக் கணக்கை நாடாளுமன்றத்தில் சொன்னவர் அப்போதைய போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் சிட்னி பக்ஸ்டன். (போஸ்டல் ஆர்டர் தெரியாதவர்களுக்கு: ஆர்.டி.ஐ. மனுவோடு பத்து ரூபாய்க்கு ஒரு தாள் வைத்து அனுப்புவார்களே, அந்தச் சமாச்சாரம்தான்.)

போரா, பஞ்சமா, புது வரியா? எதுவும் இல்லை. ஒரு ஐந்து வரிப் பாட்டின் கடைசி வரியை எழுதி அனுப்பத்தான் இத்தனை அமளி. அந்தப் பாட்டுக்குப் பெயர் லிமரிக்.

லிமரிக் என்பது அயர்லாந்தில் ஷானன் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு நகரம். அதைச் சுற்றியிருக்கும் மாவட்டத்துக்கும் அதே பெயர்தான். ஒரு ஊரின் பெயர் எப்படி ஒரு பாட்டுக்குப் போனது? அதுவும் சபையில் சொல்லக் கூசுகிற பாட்டுக்கு? நூறு வருடத்துக்கும் மேலாக இந்தக் கேள்விக்குப் பின்னால் ஆட்கள் அலைந்துகொண்டிருக்கிறார்கள்.

முதலில் பாட்டின் அமைப்பு. ஐந்தே வரி. முதல், இரண்டாம், ஐந்தாம் வரிகள் நீளம். மூன்றும் ஒரே ஓசையில் முடியும். நடுவில் மூன்றாம், நான்காம் வரிகள் குட்டை. அவை இரண்டும் வேறொரு ஓசையில் முடியும். தமிழில் நாம் வரியின் ஆரம்பத்தில் பார்ப்பது எதுகை மோனை. இங்கே எல்லா விளையாட்டும் வரியின் கடைசியில், அதாவது இயைபில். முதல் வரியில் ஒரு ஆள் அறிமுகமாவார், பெரும்பாலும் அவர் ஊரும் கூடவே வரும். இரண்டாவது வரியில் அவருடைய கோளாறு. குட்டை வரிகள் இரண்டும் படபடவென்று ஓடும். கடைசி வரியில் வெடி. தமிழில் செய்து பார்த்தால் சுமாராக இப்படி இருக்கும்:

கடைவீதிக் கணக்கர்நம் கந்தசாமி
கூட்டலிலே கோட்டைவிடும் ஆசாமி
பற்றென்றால் வரவெழுதி
வரவென்றால் பற்றெழுதி
கடைதிவால், இன்றவரோ காவிச்சாமி!

இது சைவ லிமரிக். காமர்ஸ் பசங்களுக்குப் புரிகிற மாதிரி. நிஜத்தில் வாய்வழியாகப் புழங்கிய லிமரிக்குகளில் பெரும்பாலானவற்றை இங்கே எழுத முடியாது. அந்த ஊர் ஆசாமிக்கு வரும் கோளாறு கணக்கில் வராது, வேறு இடத்தில் வரும். மீதியை ஊகித்துக்கொள்ளவும்.

ஆங்கிலத்தில் இந்த வடிவத்தைப் பிரபலமாக்கியவர் எட்வர்ட் லியர் (1812-1888). இவர் தொழில்முறைக் கவிஞர் இல்லை, ஓவியர். டெர்பி பிரபுவின் மாளிகையில் ஒரு தனியார் மிருகக்காட்சிசாலை இருந்தது. அங்கிருந்த பறவைகளையும் விலங்குகளையும் வரைவதற்காக அமர்த்தப்பட்டவர், அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டப் பாட்டும் படமுமாக எழுத ஆரம்பித்தார். 1846-இல் அவை புத்தகமாக வந்தபோது ஒரு புனைபெயரில்தான் வந்தன. அதே வருடம் அவர் விக்டோரியா ராணிக்கு ஓவியப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார் என்பது கூடுதல் தகவல். 1861-இல் பெரிதாக்கிய பதிப்பு வந்தபோதுதான் சொந்தப் பெயர் போட்டார். அடுத்த வருடம் காப்புரிமையை மொத்தமாக 125 பவுண்டுக்கு விற்றுவிட்டார். புத்தகம் அதற்குப் பிறகு பதிப்பு மேல் பதிப்பாக ஓடியது. ராயல்டி கேட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று யோசித்தால் வயிறு எரியும்.

பெயர் விஷயத்தில் லியருக்கே ஒரு கூத்து நடந்திருக்கிறது. ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனிதர், "லியர் என்று ஒரு ஆளே கிடையாது, இதையெல்லாம் எழுதியது டெர்பி பிரபுதான்" என்று பெண்களுக்கு விளக்கிக்கொண்டு வந்தாராம். பிரபு என்பதற்கான ஆங்கிலச் சொல் 'ஏர்ல்'. அதன் நாலு எழுத்தை மாற்றிப் போட்டால் 'லியர்' வரும். பிரபுவின் பெயரும் எட்வர்டு. ஆதாரம் பலமாகத்தானே இருக்கிறது! லியர் தன் தொப்பியையும் கைக்குட்டையையும் எடுத்து உள்ளே எழுதியிருந்த பெயரைக் காட்டித்தான் தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது. 1872-இல் வந்த அடுத்த புத்தகத்தின் முன்னுரையில் அவரே இதைச் சொல்கிறார்.

(இந்த லியர் நம்ம பக்கமும் வந்திருக்கிறார். வைஸ்ராய் நார்த்புரூக் அழைத்ததால் 1873 கடைசியில் பம்பாயில் இறங்கி, 1874-இல் மகாபலிபுரம், தஞ்சாவூர், திருச்சி, குன்னூர் என்று சுற்றிப் படம் வரைந்தார். இலங்கைக்கும் போனார். இந்தியச் சொற்களை வேண்டுமென்றே தப்புத்தப்பாகப் போட்டு அவர் எழுதிய ஒரு வேடிக்கைப் பாட்டு அப்போது பம்பாய்ப் பத்திரிகையில் வந்தது.)

லியரைப் பற்றி இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, இந்த வடிவத்தை அவர் கண்டுபிடிக்கவில்லை. 1820-களின் தொடக்கத்திலேயே லண்டனில் குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள் இதே அமைப்பில் வந்துவிட்டன. அவற்றிலிருந்த டொபேகோ ஆசாமி பற்றிய பாட்டுத்தான் தனக்கு மாதிரி என்று லியரே ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டு, அவர் வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தன் பாட்டை 'லிமரிக்' என்று சொன்னதில்லை. 'அர்த்தமில்லாத பாட்டு' என்ற அளவில்தான் சொன்னார். அவர் பாட்டில் ஆபாசமும் இல்லை. பல சமயம் கடைசி வரி முதல் வரியையே திருப்பிச் சொல்லும், வெடியே இருக்காது. இன்றைக்குப் படித்தால் கொஞ்சம் சப்பென்றுகூட இருக்கும்.

அப்படியானால் லிமரிக் என்ற பெயர் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது?

ஆக்ஸ்ஃபோர்டு அகராதி வெகுகாலம் சொல்லிவந்த விளக்கம் இது. விருந்துகளில் ஆளுக்கு ஒரு பாட்டாக அந்த நேரத்தில் இட்டுக்கட்டிப் பாடுவார்கள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து ஒரு பல்லவி பாடுவார்கள். அந்தப் பல்லவி லிமரிக் ஊருக்கு வரச்சொல்லி அழைக்கும். அடுத்த ஆள் அடுத்த பாட்டை யோசிப்பதற்குள் அந்தப் பல்லவி ஓடி முடியும். கடைசியில் பல்லவியிலிருந்த ஊர்ப் பெயரே பாட்டுக்குப் பெயராகிவிட்டது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அகராதிக்காரர்களிடம் ரொம்ப நாள் வலுவான சான்று இல்லை. பிறகு ஒரு துப்புக் கிடைத்தது, அதுவும் எதிர்பாராத இடத்திலிருந்து. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் செயின்ட் ஜான் என்று ஒரு ஊர். அங்கே 1880-இல் வந்த ஒரு நாளிதழில் இந்த அமைப்பில் ஒரு வேடிக்கைப் பாட்டு அச்சாகியிருக்கிறது. அதன் தலையில், இதை அந்த லிமரிக் பாட்டின் மெட்டில் பாடவும் என்று குறிப்பு. நம்ம ஊர்ப் பழைய குஜிலிப் பாட்டுப் புத்தகங்களிலும் நாடகப் பாட்டுப் புத்தகங்களிலும் தலைப்புக்குக் கீழே 'இன்ன பாட்டு மெட்டு' என்று போட்டிருப்பார்கள் இல்லையா, அச்சு அசல் அதே பழக்கம். ஆக, மெட்டின் பெயர் முதலில். அந்த மெட்டில் பாடியதெல்லாம் பிறகு அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. இருக்கிற விளக்கங்களில் நம்பத் தகுந்தது இதுதான்.

அப்படியே வைத்துக்கொண்டாலும், பல்லவியில் ஏன் லிமரிக்? டப்ளின் ஏன் இல்லை, கார்க் ஏன் இல்லை? இங்கே ஒரு சோக வரலாறு குறுக்கே வருகிறது. 1691-இல் இங்கிலாந்தின் வில்லியம் மன்னர் படைக்கும், ஜேம்ஸ் மன்னர் பக்கம் நின்ற அயர்லாந்துக் கத்தோலிக்கர்களுக்கும் நடந்த போர் லிமரிக் முற்றுகையோடு முடிந்தது. அக்டோபர் 3-ஆம் தேதி உடன்படிக்கை கையெழுத்தானது. பேட்ரிக் சார்ஸ்ஃபீல்டின் தலைமையில் ஆயிரக்கணக்கான ஐரிஷ் வீரர்கள் பிரான்சுக்குக் கப்பலேறினார்கள். ஊரில் தங்கிய கத்தோலிக்கர்களுக்குக் கொடுத்த வாக்குறுதிகள் காற்றில் போயின. 1695 முதல் அவர்கள் கல்வி, ஆயுதம், சொத்து எல்லாவற்றிலும் கைவைக்கும் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அந்த உடன்படிக்கை கையெழுத்தானதாகச் சொல்லப்படும் கல் இன்றும் லிமரிக் ஆற்றங்கரையில் பீடம் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் 'லிமரிக்குக்கு வா' என்பதற்கு 'பணிந்து வா, பேரத்துக்கு வா' என்ற பொருளில் ஒரு வழக்கு இருந்திருக்கிறது. அதற்கு வேர் இந்த உடன்படிக்கை என்றும், பாட்டின் பல்லவிக்கு வேர் அந்த வழக்கு என்றும் சிலர் முடிச்சுப் போடுகிறார்கள். ஒரு இனம் தோற்றுக் கையெழுத்துப் போட்ட ஊரின் பெயர், இருநூறு வருடம் கழித்துக் குடிகாரர்கள் கோரஸில் வந்து விழுந்தது என்றால்... நம்புவதா வேண்டாமா என்று தெரியாத அளவுக்குப் பொருத்தமாக இருக்கிறது. இடையில் பல கண்ணிகள் விட்டுப்போயிருக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு கதையும் பிரான்சை இழுக்கிறது. லாங்ஃபோர்டு ரீட் என்பவர் 1920-களில் சொன்னது. பிரான்சுக்குப் போன அந்த ஐரிஷ் படையினரின் வழிவந்தவர்கள் ஊர் திரும்பும்போது இந்தப் பாட்டு வடிவத்தைக் கொண்டுவந்தார்கள் என்பது அவர் வாதம். ஆதாரம் பூஜ்யம். இதை இத்தோடு விட்டுவிடலாம்.

மூன்றாவது கதைதான் ருசியானது. லிமரிக் மாவட்டத்தில் மேக் என்று ஒரு சிற்றாறு. அதன் கரையில் குரூம் என்ற ஊர். 18-ஆம் நூற்றாண்டில் அங்கே ஐரிஷ் மொழிக் கவிஞர்களின் ஒரு கூட்டம் இருந்தது. அதில் இருவர் முக்கியம். ஒருவர் ஷான் ஓ டூமா, சாராயக்கடை வைத்திருந்தவர். மற்றவர் ஆண்ட்ரியாஸ் மக் க்ரா. 'குஷியான தலைச்சுமை வியாபாரி' என்பது அவருடைய பட்டப்பெயர். கடைக்காரர் தன் கடைச் சரக்கைப் புகழ்ந்தும், கையில் காசில்லாமல் வரும் வாடிக்கையாளரை நினைத்து வருந்தியும் ஒரு பாட்டுச் சொன்னார். வியாபாரி பதிலுக்கு, உன் சரக்கைக் குடித்தால் வியாதிதான் வரும் என்று ஒரு போடு போட்டார். அதாவது, விற்றவரும் வாங்கியவரும் போட்டுக்கொண்ட தரம் குறித்த தகராறு! நுகர்வோர் நீதிமன்றம் இல்லாத காலம், பாட்டில் தீர்த்துக்கொண்டார்கள். ஜேம்ஸ் கிளாரன்ஸ் மேங்கன் 1840-களில் இவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது ஐந்து வரி லிமரிக் உருவத்தில் அவை வந்து உட்கார்ந்தன.

லிமரிக்காரர்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும், பிடிக்காமல் என்ன செய்யும். ஊர் இருக்கிறது, கவிஞர் இருக்கிறார், பாட்டு இருக்கிறது, குடியும் இருக்கிறது. ஆனால் குரூம் கவிஞர்கள் செத்து நூறு வருடம் ஆகும் வரை யாரும் இந்தப் பாட்டை லிமரிக் என்று அழைத்த தடயம் இல்லை. பிறகு அழைத்தவர்களும் ஐரிஷ் கவிதை படித்தவர்கள் இல்லை, ஆங்கிலத்தில் கெட்ட பாட்டுப் பாடியவர்கள். வடிவத்துக்கு ஒரு மூதாதை என்று குரூமைச் சொல்லலாம். பெயருக்குச் சொல்ல முடியாது.

(இன்னொரு துணுக்கு: லிமரிக்கின் ஐரிஷ் பெயர் 'லிம்னக்' என்பது போல ஒலிக்கும். அதில் இருப்பது 'வெறுமை', 'மொட்டை' என்ற பொருளுள்ள சொல் என்பது பொதுவான விளக்கம். ஒன்றும் முளைக்காத ஆற்றங்கரைத் திட்டு. உடையில்லாத பாட்டுக்கு மொட்டைத் திட்டின் பெயர். தற்செயல்தான்.)

பெயர் எழுத்தில் தலைகாட்டும் விதத்தைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 1896-இல் ஓவியர் ஆப்ரி பியர்ட்ஸ்லி, காசநோயில் படுத்திருந்தபோது, பொழுதுபோக லிமரிக் எழுதிப் பார்க்கிறேன் என்று தன் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதுகிறார். அவருக்கு அப்போது வயது 23. அந்தப் பதிப்பாளர் லெனார்ட் ஸ்மிதர்ஸ் ஆபாசப் புத்தகங்களுக்குப் பேர் போனவர். ஆக, ஆரம்ப காலச் சான்றே எந்த வீதியில் நிற்கிறது பாருங்கள்! இரண்டு வருடம் கழித்து, 1898-இல், அறிஞர்கள் கேள்வி-பதில் எழுதிக்கொள்ளும் ஒரு லண்டன் இதழில் ஒருவர் கேட்டார்: லியர் எழுதியது மாதிரியான பாட்டை எப்போதிருந்து, எதனால் லிமரிக் என்கிறார்கள்? வந்த பதிலின் சாரம்: லியர் பாட்டை அப்படிச் சொல்வதே தப்பு, அது ஆபாசப் பாட்டுக்கான பெயர்.

இந்தப் பதில் கவனிக்க வேண்டியது. லிமரிக் என்றால் ஐந்து வரிப் பாட்டு, அதில் சிலது ஆபாசம் என்றுதான் இன்று நினைக்கிறோம். 1898-இல் நிலைமை தலைகீழ். பெயர் முதலில் கெட்ட பாட்டுக்குச் சொந்தமாக இருந்தது. நல்ல பாட்டு அதைப் பிறகு கடன் வாங்கியது. குழந்தைகளுக்காக எழுதிய லியர் செத்துப் பத்து வருடத்துக்குள், அவர் எழுத்துக்கு மது மேசைப் பாட்டின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். அவர் அபிமானிகளுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை.

கெட்ட பாட்டு ஏன் முன்பே எழுத்தில் பிடிபடவில்லை என்பதற்கும் பதில் சுலபம். 1857-இல் பிரிட்டனில் ஆபாச வெளியீடுகள் சட்டம் வந்தது. அச்சடித்தவனை, விற்றவனைப் பிடிக்கலாம். பாடியவனைப் பிடிக்க முடியாது. எனவே அந்தப் பாட்டுகள் கல்லூரி விடுதி, ராணுவ மெஸ், கிளப் என்று வாயிலேயே வாழ்ந்தன. ஆசிரியர் பெயர் கிடையாது, தேதி கிடையாது. வரலாறு எழுதுபவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது அதனால்தான்.

அந்தப் பெயர் சபைக்கு வந்தது 1907-இல், காசு வழியாக.

'லண்டன் ஒப்பீனியன்' என்ற வாரப் பத்திரிகை போட்டியைத் தொடங்கியது. முதல் நாலு வரியை அவர்கள் தருவார்கள். ஐந்தாவது வரியை வாசகர் எழுதி, ஆறு பென்ஸ் போஸ்டல் ஆர்டரோடு அனுப்ப வேண்டும். வந்த கட்டணத்திலிருந்தே பரிசு. மற்றப் பத்திரிகைகளும் பின்னாலேயே குதித்தன. எப்பேர்ப்பட்ட பிசினஸ் மாடல் என்று யோசியுங்கள். பத்திரிகைக்கு முதலீடு நாலு வரி. அந்த ஆறு மாதத்தில் கூடுதலாக விற்ற ஆர்டர்கள் சுமார் 1 கோடியே 6 லட்சம். ஆர்டர் ஒன்றுக்கு ஆறு பென்ஸ், அன்றைய கணக்கில் பவுண்டுக்கு 240 பென்ஸ். வகுத்தால் சுமார் 2,65,000 பவுண்டு வருகிறது. ஒரு கவருக்கு ஒரு ஆர்டர் என்று வைத்தால், ஒரு பென்னி ஸ்டாம்பு வகையில் தபால் துறைக்கு இன்னும் 44,000 பவுண்டு.

கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. சமூடா என்ற சிகரெட் கம்பெனி, கடைசி வரி எழுதி ஜெயிப்பவருக்கு ஆயுள் முழுக்க வாரம் 3 பவுண்டு என்று அறிவித்தது. கட்டணம் கிடையாது, ஆனால் அரை கிரவுன், அதாவது இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸுக்கு, சிகரெட் வாங்கிய கூப்பன் வைக்க வேண்டும். இந்த 3 பவுண்டின் கனம் புரிய ஒரு ஒப்பீடு. 1908-இல் பிரிட்டன் அரசு முதியோர் பென்ஷன் சட்டம் போட்டது. 70 வயது தாண்டிய ஏழைகளுக்கு அதிகபட்சம் வாரம் 5 ஷில்லிங். சிகரெட் கம்பெனியின் பரிசு 60 ஷில்லிங். பன்னிரண்டு மடங்கு! ஒரு வரிக்கு!

கம்பெனிக்கு இது கட்டுப்படியாகுமா? வருடத்துக்கு 156 பவுண்டு. 3 சதவீத வட்டி என்று வைத்து, ஆயுளுக்குப் பதில் என்றென்றைக்கும் கொடுப்பதாகவே கணக்குப் போட்டாலும், இன்றைய மதிப்பு 5,200 பவுண்டுதான். ஒரு கூப்பனுக்கு அரை கிரவுன் என்றால் 41,600 கூப்பனின் விற்பனைத் தொகை. லாபத்தை மட்டும் பார்த்தால் அதைப்போலப் பல மடங்கு கூப்பன் வேண்டும். ஆனால் நாடே பித்துப் பிடித்து அலைந்த சமயம் அது.

பித்து முற்றியதும் உப தொழில்கள் கிளம்பின. கடைசி வரி எழுதித் தருகிறோம், கட்டணம் இவ்வளவு என்று 'நிபுணர்கள்' விளம்பரம் கொடுத்தார்கள். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதித் தரும் ஜெராக்ஸ் கடைகளின் கொள்ளுத்தாத்தாக்கள்.

சட்டம் எங்கே போனது என்று கேட்கலாம். பிரிட்டனில் தனியார் லாட்டரி சட்ட விரோதம். லிமரிக் போட்டி லாட்டரியா, திறமைப் போட்டியா? நல்ல வரி எழுதத் திறமை வேண்டும், எனவே இது லாட்டரி இல்லை என்பது பத்திரிகைகளின் கட்சி. 1908-இல் பிளைத் எதிர் ஹல்டன் என்ற வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. பரிசு தனக்கே வர வேண்டும் என்று போட்டியாளர் ஒருவர் பத்திரிகை கம்பெனி மேல் போட்ட வழக்கு. நீதிபதிகள் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கில் வரிகள் வந்து குவிகின்றன. அத்தனையையும் ஒருவர் படித்துத் தரம் பிரிப்பது நடக்கிற காரியமில்லை. தேர்வு அதிர்ஷ்டத்தில்தான் நடக்கிறது. எனவே இது லாட்டரி. லாட்டரிப் பணத்தைக் கோர்ட் வாங்கித் தராது. பாவம், வழக்குப் போட்டவருக்கு ஒன்றுமில்லை. பத்திரிகைக்காரர் செய்தது தப்பு என்று தீர்ப்பு, பணம் மிஞ்சியதும் பத்திரிகைக்காரருக்கே! காண்ட்ராக்ட் சட்டத்தில் 'சட்ட விரோத ஒப்பந்தம் செல்லாது' என்று ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிறோமே, அதன் கூர்மை இதுதான்.

இதே திறமையா அதிர்ஷ்டமா கேள்வி பிற்காலத்தில் இந்தியாவில் குறுக்கெழுத்துப் போட்டிகளைச் சுற்றி வந்தது. 1955-இல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்தது. மாதம் 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது என்றது. 1957-இல் சுப்ரீம் கோர்ட், இந்தச் சட்டம் அதிர்ஷ்டத்தை நம்பிய போட்டிகளுக்குத்தான், திறமைப் போட்டிகளுக்கு இல்லை என்று விளக்கம் சொன்னது. ஆன்லைன் ரம்மி வழக்குகளில் வக்கீல்கள் தூக்கிக்கொண்டு வந்த தீர்ப்பு அதுதான்.

போட்டி ஜுரம் தணிந்தது. ஆனால் அதன் விளைவு தங்கிவிட்டது. ஆபாசப் பாட்டின் பெயர், குடும்பப் பத்திரிகையில் அச்சாகி, தபால்காரர் கையால் வீட்டுக்கு வீடு போய் சுத்தமாகிவிட்டது. 1907-க்குப் பிறகு லிமரிக் என்று சொல்ல யாரும் கூசவில்லை.

அசல் சரக்கு மட்டும் வெளியே வர நாளானது. 1928-இல் நார்மன் டக்ளஸ் என்ற எழுத்தாளர் ஆபாச லிமரிக்குகளை இத்தாலியில் தனிச்சுற்றுக்கு அச்சடித்தார். ரொம்ப கம்பீரமான ஆய்வுரைகளோடு, அதுவே ஒரு கிண்டல். 1953-இல் அமெரிக்கர் கெர்ஷன் லெக்மன் பாரிஸில் 1,700 லிமரிக்குகளைத் திரட்டிப் போட்டார். அவர் வாதம் இரண்டு. சுத்தமான லிமரிக் என்பது உண்மையில் என்றைக்கும் மக்களிடம் நின்றதில்லை என்பது ஒன்று. மற்றது இன்னும் சுவாரசியம்: இது பாமரர் பாட்டே இல்லை, கல்லூரி படித்தவர்களின் பாட்டு. கொச்சை என்றால் தெருவிலிருந்துதான் வரும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பேராசிரியர்களும் பாதிரிமார்களும்தான் இதில் கில்லாடிகள்.

தமிழுக்கு இந்த வடிவம் வந்தது ஈழத்தில். கவிஞர் மஹாகவி, இயற்பெயர் து. உருத்திரமூர்த்தி, அளவெட்டிக்காரர், 1927-இல் பிறந்தவர். அரசு உத்தியோகத்தில் இருந்தவர். (கவிஞர் சேரன் இவர் மகன்.) லிமரிக்கின் ஐந்து வரியையும் இயைபையும் எடுத்துத் தமிழ் ஓசைக்குள் உட்கார வைத்து, 1966-இல் ஒரு புத்தகமாகவே போட்டார். புத்தகத்தின் பெயர் 'குறும்பா'.

இந்தப் பெயரைப் பிரித்துப் பாருங்கள். குறுமை + பா என்றால் குறும்பா, சின்னப் பாட்டு. குறளடி, குறுந்தொகை என்று இலக்கண வழியில் வரும் கௌரவமான பெயர். குறும்பு + பா என்று பிரித்தாலும் அதே குறும்பா, சேட்டைப் பாட்டு. இதோடு, ஒருத்தரைப் பார்த்து 'அடே குறும்பா!' என்று செல்லமாகக் கூப்பிடுவதும் காதில் விழுகிறது. ஆங்கிலத்தில் ஒரு வடிவத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று நூறு வருடம் அகராதி புரட்டுகிறார்கள். இங்கே ஒரே சொல்லில் அளவும் குணமும் சேர்ந்து வந்துவிட்டன.

மஹாகவியின் குறும்புக்கு இலக்கு வேறு. இங்கிலீஷ் லிமரிக்கில் மாட்டுகிறவர் பெரும்பாலும் பாலியல் கோளாறுக்காரர். குறும்பாவில் மாட்டுகிறவர்கள் காரும் காணியும் வீடும் கேட்டுப் பெண் பார்க்க வருகிற சீதனக்காரர்கள், போலி பக்தர்கள், பணக்காரர்கள். யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கம் தன் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம், அல்லது கோபப்படலாம். இலக்கிய அந்தஸ்து உண்டா, இது வெறும் விளையாட்டுத்தானே என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது. காவியமும் பா நாடகமும் எழுதிய கை ஐந்து வரிச் சேட்டையில் ஏன் இறங்கியது என்று கேட்டவர்கள், அந்த ஐந்து வரியில் ஒரு முழுக் கதையை ஏற்றி இறக்க எவ்வளவு செய்யுள் பயிற்சி வேண்டும் என்பதைக் கவனிக்கவில்லை. மஹாகவி 1971-இல், 44 வயதில் காலமானார். அவருக்குப் பின் ஈழத்தில் வேறு பலரும் இந்த வடிவில் எழுதினார்கள். எழுதியதை அவர்கள் லிமரிக் என்று சொல்லவில்லை. குறும்பா என்றே சொன்னார்கள்.